அருகருகே பச்சோந்திக் கூண்டுகள்: ஒன்றால் மற்றொன்று நோகாமல் வளர்க்க முழுமையான வழிகாட்டி

"அண்ணா, புதுசு வந்து பத்து நாளாச்சு. பழசு சாப்பிடவே மாட்டேங்குது. விளக்கு, சூடு, தண்ணி எல்லாம் முன்ன மாதிரியேதான் இருக்கு."

இரண்டாவது பச்சோந்தி வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கூண்டு இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். இரண்டு வலைக்கூண்டுகள் ஒட்டினாற்போல நிற்கும். நடுவே ஒரு மணி பிளான்ட் தொட்டி. அந்தத் தொட்டியே மறைப்புக்குப் போதும் என்று நம்பியிருப்பார்கள்.

போதாது. பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. பக்கத்தில் இன்னொன்று இருப்பது அதற்குத் துணை ஆகாது. கண்ணில் படும் இன்னொரு பச்சோந்தி எதிரி, அல்லது இணைசேர வந்தது. காட்டில் தோற்றது விலகிப் போய்விடும், சண்டை சில நிமிடங்களில் முடியும். கூண்டில் விலகிப் போக இடமில்லை. விளக்கு எரியும் பன்னிரண்டு மணி நேரமும் அது எதிரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது.

நான் டொராண்டோ பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரே அறையில் வேலு, சோமு என்று இரண்டு ஆண் பாந்தர் (panther, மடகாஸ்கர் வகை) பச்சோந்திகளை வளர்க்கிறேன். அதற்கு முன் வெயில்ட் (veiled, ஏமன் பக்கத்து வகை) வகையில் ஒரு பெண் இருந்தது. இந்த இரண்டு வகைகளையும் வைத்தே எழுதுகிறேன். சட்டம் இடத்துக்கு இடம் வேறு, வாங்குமுன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: நம் ஊர் வேலியில் காணும் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். தயவுசெய்து அதை அதன் மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: வீடியோ எடுக்கக்கூடிய கைபேசி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, அளவு நாடா, இரண்டு டைமர். கூண்டுகளுக்கு நடுவே தடுப்பாக நிறுத்தும் பிளாஸ்டிக் தகட்டை இப்போதே வாங்க வேண்டாம். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

1. புதியதை வேறு அறையில் வையுங்கள். ஒரே கூண்டில் இருந்தால் இன்றே பிரியுங்கள்

வளர்ந்த பச்சோந்திகள் இரண்டை ஒரே கூண்டில் வைக்கக் கூடாது. ஆணும் பெண்ணும் ஆனாலும், ஒரே முட்டைக் கூட்டத்தில் பிறந்தவை ஆனாலும் இதேதான். குஞ்சுகளை ஒன்றாக விற்கிறார்களே என்று கேட்பார்கள். மூன்று மாத வயதுக்குள் அவையும் பிரிக்கப்பட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து வெயில் காய்வதைப் பார்த்து பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே இருப்பது விளக்கைப் பிடித்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்குச் சூடும் ஒளியும் கிடைப்பதில்லை. சில வாரங்களில் இரண்டின் எடையில் வித்தியாசம் தெரியும்.

புதிதாக வந்தது 90 நாள் வேறு அறையில் இருக்கட்டும். முடியாவிட்டால் 30 நாளாவது. முதல் காரணம் நோய். அந்த நாட்களில் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அதன் எச்சத்தைக் கொடுத்து காக்சிடியாவும் (குடலில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி) குடற்புழுவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தினமும் பழையதன் வேலையை முதலில் முடித்து, பிறகு புதியதிடம் போய், கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. வந்த அன்றே பக்கத்தில் வைத்தால், அது சாப்பிடாமல் இருப்பது பயணத்தாலா, நோயாலா, பக்கத்துக் கூண்டாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. தனியறையில் அதன் இயல்பு நிறமும் பசியும் தூங்கும் இடமும் உங்களுக்குப் பழகிவிட்டால், பின்னால் எது மாறினாலும் உடனே தெரியும்.

கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நாட்கள் முடிந்த பிறகுதான்.

2. எதையும் தொடாமல் மூன்று நாள் பாருங்கள்

ஏற்கெனவே அருகருகே வைத்துவிட்டவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். கை பரபரக்கும். ஆனாலும் மூன்று நாள் பொறுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும். ஒன்றின் கண் பகலில் மூடியே இருந்தாலோ, கிளையிலிருந்து விழுந்தாலோ மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

கைபேசியைக் கூண்டுக்கு எதிரே நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். நீங்கள் அறையில் இருந்தால் அவை உங்களைப் பார்த்து நடந்துகொள்ளும். காலையில் விளக்கு எரிந்த முதல் ஒரு மணி நேரம், நண்பகலில் அரை மணி, விளக்கு அணைவதற்கு முன் அரை மணி. இந்த மூன்று வேளையும் வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. காலையில் பச்சோந்தி கருத்து, உடம்பைத் தட்டையாக்கி, விளக்குக்குப் பக்கவாட்டைக் காட்டி உட்காரும். அது பயந்துவிட்டது என்று ஓடிவருவார்கள். அது குளிர் காய்கிறது. கருத்த தோல் சூட்டை வேகமாக வாங்கும். சூடு ஏறியதும் நிறம் தானாக வெளுக்கும்.

ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன் திசையைப் பாருங்கள். உடம்பின் அகன்ற பக்கம் எதை நோக்கி இருக்கிறது? விளக்கை நோக்கி என்றால் கவலை இல்லை. பக்கத்துக் கூண்டை நோக்கித் தட்டையாகி, தொண்டையை உப்பி, வாயைத் திறந்து, முன்னும் பின்னும் ஆடினால் அது மிரட்டல். வாய் திறப்பது அதிகச் சூட்டாலும் நடக்கும், எனவே அந்தக் கிளையின் சூட்டையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இரண்டாவது தடுமாற்றம் இதைவிடப் பெரிது. பளிச்சென்று நிறம் காட்டும் ஆணைப் பார்த்து "ரொம்ப சந்தோஷமா இருக்கான்" என்று படம் எடுத்து அனுப்புவார்கள். பாந்தர் ஆணின் தோல் அணுக்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் மிக நுண்ணிய குவானின் படிகங்கள் உண்டு. அது கிளர்ச்சி அடையும்போது அந்தப் படிகங்களுக்கு இடையிலான தூரம் கூடி, பச்சை மஞ்சளாகவும் நீலம் வெள்ளை கலந்தும் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை விளக்கினார்கள். அமைதியாக இருக்கும் பாந்தர் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். நாள் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஜொலிப்பது நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கிறது.

எதிரே தோற்றது கருத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அரிசோனாவில் வெயில்ட் ஆண்களை வைத்து 2013இல் செய்த ஆய்வில், பக்கவாட்டுக் கோடுகள் அதிகம் பளிச்சிட்டவை எதிரியை நெருங்கப் பார்த்தன, தலையின் நிறம் வேகமாக மாறியவை பெரும்பாலும் வென்றன. கருப்பது "நான் வரவில்லை, விட்டுவிடு" என்று சொல்வது. காட்டில் அப்படிச் சொன்னால் எதிரி விட்டுவிடும். கூண்டில் அது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எனவே உங்கள் கவனம் முதலில் கருத்துக் கிடப்பதன் மேல் போகட்டும், பளிச்சிடுவதன் மேல் அல்ல.

இன்னும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிளைக்குப் பின்னால் ஒளிந்து, பக்கத்துக் கூண்டுக்கும் தனக்கும் நடுவே எப்போதும் கிளை இருக்கும்படி நகர்வது, வலையைப் பிடித்து மேலும் கீழும் ஓயாமல் ஏறுவது, வழக்கமான தூங்கும் இடத்தை மாற்றுவது.

முதல் நாளே எடை போடுங்கள். தராசின் மேல் ஒரு சிறு கிளையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, அதில் ஏறவிட்டால் கையால் அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. வேறு அறையில் செய்யுங்கள். வளர்ந்த பாந்தர் ஆண் ஏறத்தாழ 140 முதல் 180 கிராம் இருக்கும். ஆனால் அதன் முந்தைய எடைதான் உங்களுக்கு முக்கியம், சராசரி அல்ல.

3. உங்கள் கண்ணால் அல்ல, அதன் கிளையிலிருந்து பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. அறை நடுவே நின்று "மறைஞ்சிருக்கு" என்று சொல்வது பயனில்லை. பச்சோந்தியின் கண் கோபுரம் போல வெளியே துருத்தி, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழலும். உடம்பை அசைக்காமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் பார்த்துவிடும்.

பச்சோந்தியை வேறு அறையில் ஒரு செடியில் விட்டுவிட்டு, கைபேசியை அது வெயில் காயும் கிளையில், அதன் கண் இருக்கும் உயரத்தில் வையுங்கள். வீடியோவை ஓடவிட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு அது தூங்கும் கிளை, கதவின் மேல் மூலை, கூரை வலை, அது அடிக்கடி தொற்றி நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள். கூரை வலையை விட்டுவிடாதீர்கள். வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பக்கத்துக் கூண்டின் மேல்பகுதியைப் பார்ப்பது அவற்றுக்குப் பழக்கம்.

வீடியோவில் மற்றக் கூண்டின் ஓரமாவது தெரிகிற இடத்தையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். என் வேலுவின் கிளையில் கைபேசியை வைத்த அன்று, நான் நினைத்தே பார்க்காத மூன்று இடம் அகப்பட்டது. கூரை மூலை ஒன்று. கதவுப் பக்கமாகச் சுற்றி வரும் பார்வை ஒன்று. மூன்றாவது எதிர்ச் சுவரில் இருந்த தொலைக்காட்சி. அணைந்த கருந்திரையில் சோமுவின் கூண்டு முழுதாகத் தெரிந்தது.

பிறகு மற்றப் பச்சோந்தியின் கூண்டிலும் இதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மறைந்தால் மறுபக்கமும் மறையும் என்று எண்ண வேண்டாம். கிளைகளின் உயரம் வேறு என்பதால் கோணமும் வேறு.

4. பிரதிபலிப்புகளை முதலில் அகற்றுங்கள்

தடுப்பு வைப்பதற்கு முன் இதை முடிக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே அது எதிரியாக எடுத்துக்கொள்ளும். பக்கத்துக் கூண்டை மறைத்த பிறகும் அமைதி திரும்பாவிட்டால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

நிலைக்கண்ணாடி, படச் சட்டம், தொலைக்காட்சித் திரை, பளபளப்பான அலமாரிக் கதவு எல்லாவற்றையும் பாருங்கள். சன்னலை இரண்டு வேளை பார்க்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிடும். உள்ளே விளக்கு எரிகிறபோது சன்னல் முழுக் கண்ணாடியாகிவிடும். மாலை நாலரைக்குத் திரையை இழுத்துவிடுவது எங்கள் வீட்டில் அன்றாட வேலை.

கண்ணாடிக் கூண்டு வைத்திருப்பவர்கள் உட்புறத்தையும் சோதிக்க வேண்டும். உள்ளே பளிச்சென்று வெளிச்சம், வெளியே அரையிருட்டு என்றால் நான்கு சுவரும் கண்ணாடிதான். வெளிப்புறத்தில் வெளிர்நிறக் காகிதம் ஒட்டினால் குறையும். கருப்புத் தாள் ஒட்டாதீர்கள், அது பிரதிபலிப்பைக் கூட்டும்.

5. தடுப்பு: முதலில் அட்டைப்பெட்டி, பிறகு பிளாஸ்டிக் தகடு

அட்டையை வெட்டும் முன் கூண்டுகளை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். எதிரெதிராக நிற்கும் கூண்டுகளே மிக மோசம், இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பார்க்கும். ஒரே சுவரில், கதவுகள் ஒரே திசையைப் பார்க்க, இயன்ற அளவு தள்ளி வைத்தால் ஒரு பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உயரம்தான் பச்சோந்திக்குப் பாதுகாப்பு. கீழ்க்கூண்டில் இருப்பது தலைக்கு மேல் நடமாட்டத்தை உணர்ந்துகொண்டே இருக்கும். மேற்கூண்டின் தண்ணீரும் கீழே வடியும். இரண்டு கூண்டும் ஒரே உயர மேசையில் நிற்கட்டும், வெயில் காயும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

இப்போது அட்டைப்பெட்டி. பெரிய பெட்டி ஒன்றைப் பிரித்து, இரண்டு கூண்டுக்கும் நடுவே நிறுத்தி மூன்று நாள் பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். ஈரம் பட்டால் அட்டை பூஞ்சை பிடிக்கும். மூன்று நாளில் மிரட்டலும் வலை ஏறுவதும் குறைந்தால் காரணம் பக்கத்துக் கூண்டுதான் என்று உறுதி, பணத்தைச் செலவு செய்யலாம். எதுவும் மாறவில்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள், அல்லது மருத்துவரிடம் போங்கள்.

நிரந்தரத் தடுப்புக்கு நான் பயன்படுத்துவது கோரோபிளாஸ்ட் தகடு. தேர்தல் நேரத்தில் வீட்டு வாசல்களில் நடுவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் பலகை, அதேதான். நனையாது, துடைக்கலாம், கத்தியால் வெட்டலாம். பளபளப்பு இல்லாத பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். முதலில் நான் மினுமினுப்பான வேறொரு தகட்டை வாங்கி வைத்தேன். நான்கு நாள் வேலு அந்தத் தகட்டைப் பார்த்தே உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நின்றான். நான்காம் நாள் விளக்குக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் தகட்டில் அவன் உருவம் மங்கலாகத் தெரிவது எனக்குப் புரிந்தது. அந்த நான்கு நாளும் அவனுக்கு எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அளவு இப்படி. கூண்டு 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 120 உயரம் என்று வையுங்கள். தகடு கூண்டின் உச்சிக்கு மேல் 20 செ.மீ. நிற்க வேண்டும், கூரை வலையில் தொங்குவது எட்டிப் பார்க்காமல் இருக்க. கதவுக்கு முன்னால் 30 செ.மீ. நீள வேண்டும், கதவு வலையில் தொற்றி நின்று சுற்றிப் பார்க்காமல் இருக்க. ஜட்கா வண்டிக் குதிரைக்கு இரு கண்ணோரமும் பட்டை கட்டுவார்களே, அதே வேலையைத்தான் இந்த முன்நீட்டல் செய்கிறது. ஆக 90க்கு 140 செ.மீ. தகடு வேண்டும். 120க்கு 240 செ.மீ. பலகை ஒன்றில் இதை வெட்டி எடுத்துவிடலாம்.

கூண்டின் உயரத்துக்கும் ஆழத்துக்கும் மட்டும் சரியாக வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதி மறைப்பு மறைப்பே இல்லாததைவிடக் கெடுதல் என்பது என் கருத்து. எப்போதும் தெரியும் எதிரி எங்கே இருக்கிறது என்றாவது அதற்குத் தெரியும். பாதி மறைந்த எதிரி திடீர் திடீரென்று தலைகாட்டும்.

தகட்டை வலையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டு கூண்டுக்கும் நடுவே, இருபுறமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டு, தனியாக நிறுத்துங்கள். ஒட்டினால் வலை காயாது. ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் மூச்சு நோய் வரும். இதே காரணத்தால் ஒரு கூண்டின் மூன்று பக்கத்தையும் மூடிவிட வேண்டாம்.

சூடு தரும் விளக்கின் குவிமாடத்திலிருந்து தகடு 20 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். இடம் போதாவிட்டால் விளக்கைக் கூண்டின் மறுபக்கம் நகர்த்துங்கள், வெயில் காயும் கிளையையும் அதோடு நகர்த்துங்கள்.

துணித்திரை வேண்டாம். மெல்லிய துணியில் பின்னால் எரியும் விளக்கு நிழலைக் காட்டும், காற்றில் அசையும் துணியே இன்னொரு பயமாகிவிடும்.

தகட்டை இரவில், விளக்கு அணைந்து அவை தூங்கிய பிறகு ஓசையில்லாமல் நிறுத்துங்கள். தனியே நிற்கும் தகடு என்பதால் கூண்டை அசைக்க வேண்டியதில்லை. காலையில் கண் திறக்கும்போது எதிரி இருக்காது. அன்றே மறுபடியும் கைபேசியைக் கிளைகளில் வைத்துச் சோதியுங்கள்.

6. இரண்டு கூண்டுக்கும் விளக்கு ஒரே நிமிடத்தில்

சின்ன வேலை, ஆனால் விட்டுவிடுவார்கள். வலை வழியாகப் பார்க்கும்போது வெளிச்சமுள்ள பக்கம் இருண்ட பக்கத்துக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு கூண்டில் விளக்கு அணைந்து மற்றதில் எரிந்துகொண்டிருந்தால், இருட்டில் இருப்பதற்கு எதிர்க்கூண்டு மேடை போலத் தெரியும். சுவரிலும் கூரையிலும் நிழல் ஆடும்.

டைமரில் இரண்டுக்கும் ஒரே நேரம் வையுங்கள், 12 மணி நேரம் பகல், 12 மணி நேரம் முழு இருட்டு. இரவில் சிவப்பு விளக்கு, நீல விளக்கு எதுவும் வேண்டாம். நல்ல உறக்கம் இல்லாமல் எந்தத் தடுப்பும் பலன் தராது.

7. கூண்டுக்குள் ஒளிய இடம்

தடுப்புக்குப் பிறகுதான் செடி. முதலில் செடியை நிரப்பினால் பச்சோந்தி கண்ணில் படாமல் போகும், உங்களுக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஒளிந்து கிடப்பது அமைதி ஆகாது.

அடர்ந்த இலை கூண்டின் மேல் மூன்றில் ஒரு பகுதியில், பக்கத்துக் கூண்டு இருக்கும் பக்கமாக வரட்டும். செம்பருத்தி, ஷெஃப்லெரா, மணி பிளான்ட் மூன்றும் தாங்கும். வெயில்ட் வகை இலையை மேயும், அதனால் பூச்சிமருந்து அடித்த செடியை நாற்றங்காலிலிருந்து வாங்கி நேரே உள்ளே வைக்காதீர்கள்.

கிளையை நகர்த்தினால் யூவிபி (புற ஊதாக் கதிர் தரும்) விளக்கின் தூரத்தை மறுபடி அளக்க வேண்டும். நீளக் குழல் டி5 விளக்கில் 6 சதவீதம் அல்லது 5.0 வகை என்றால், வலைக்கு மேல் விளக்கு, வலையிலிருந்து கிளை ஏறத்தாழ 20 முதல் 23 செ.மீ. கீழே. கிளை அதைவிட நெருங்கினால் கண்ணும் தோலும் பாதிக்கும், தள்ளிப் போனால் எலும்பு பலவீனமாகும்.

ஒரே நாளில் கூண்டை மாற்றிக் கட்டாதீர்கள். எந்தக் கிளை எங்கே போகிறது என்று அதற்கு மனப்பாடம். வாரத்துக்கு ஒரு கிளை, ஒரு செடி போதும்.

8. அன்றாட வேலைகளில் தடுப்பை உடைக்காதீர்கள்

தகடு வைத்துவிட்டு, ஒன்றைக் கையில் ஏந்தி மற்றதன் கதவுக்கு முன்னாலேயே நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வார அமைதி அரை நிமிடத்தில் போய்விடும். வெளியே எடுக்க வேண்டுமானால் துணி மூடிய கூடையில் ஏற்றி, மற்றக் கூண்டின் கண்ணுக்குப் படாத வழியாகக் கொண்டு போங்கள். அந்த அறையில் திறந்த மரம் வைத்து உலவவிட வேண்டாம்.

தீனி போடும்போது கருத்துக் கிடந்ததற்கு முதலில் போடுங்கள். பூச்சியைப் பிடிக்க அது எட்டிச் சாய வேண்டும், நாக்கை நீட்ட வேண்டும், பயந்திருந்தால் இரண்டையும் செய்யாது. நீங்கள் அடுத்த கூண்டில் கையை விடுவதற்கு முன் அதற்கு அமைதியான சில நிமிடங்கள் கிடைக்கட்டும். தீனிக் கிண்ணமும் தடுப்புப் பக்கத்தில் வேண்டாம், மறுபக்கத்தில் இருக்கட்டும்.

9. ஒன்று பெண் என்றால்

இங்கே விளையாட்டுக்கு இடமில்லை. வெயில்ட் பெண் ஆணே இல்லாமல் முட்டை வைக்கும், ஒரே தடவையில் 20 முதல் 70 வரைகூட. வயிற்றில் முட்டையோடு இருக்கும்போது ஆண் கண்ணில் பட்டால் கருத்து, வாயைத் திறந்து, ஆடி ஆடி விரட்டும். வெயில்ட் என்றால் கருமையில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். பாந்தர் பெண் கருப்பிலோ கரும்பழுப்பிலோ ஆரஞ்சுப் பட்டைகளோடு இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் "அருகே வராதே" என்று படியுங்கள்.

முட்டை போடும் தொட்டியில் ஈர மணல் 30 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும், தோண்டினால் குழி சரியாத பதத்தில். குழியில் இறங்கியிருக்கும் பெண், யாரோ பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் பாதியிலேயே நிறுத்திவிடும். அது பக்கத்துக் கூண்டு ஆணாக இருந்தாலும் சரி, கதவருகே நிற்கும் நீங்களானாலும் சரி. நிறுத்தி நிறுத்தி முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பெண் தரையில் அலைந்து மண்ணைக் கீறத் தொடங்கிய அன்றே, தடுப்பை நம்பாமல், ஆணின் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். பெண்ணை நகர்த்த வேண்டாம். அது தோண்ட இடம் பார்த்து வைத்திருக்கும். பெண்ணின் கூண்டைச் சுற்றி மூன்று பக்கமும் தாள் தொங்கவிடலாம், இந்தச் சில நாளுக்கு மட்டும் அது சரி.

10. பதினைந்து நாள் கழித்துக் கணக்குப் பாருங்கள்

பழைய வீடியோவையும் புதியதையும் ஒரே வேளையில் எடுத்ததாக ஒப்பிடுங்கள். மாற்றம் ஒரு வரிசையில் வருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வலையில் ஏறி இறங்குவது முதலில் நிற்கும். அடுத்துத் தூங்கும் இடம் பழையபடி ஆகும். பிறகு நிறம். பசி கடைசியில்தான் வரும். மூன்றாம் நாள் சாப்பிடவில்லை என்று தடுப்பை எடுத்துவிடுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

எடையை வாரம் ஒருமுறை எழுதுங்கள். வளர்ந்தது தினமும் சாப்பிடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கைந்து பூச்சி அதற்குப் போதும். அதனால் பசியை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். குழிந்த கண், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறுவது, மூச்சில் சத்தம், வாயில் நுரை ஆகியவற்றைப் பக்கத்துக் கூண்டின் தலையில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்று கருத்தே கிடந்தால், அதற்கு வேறு அறைதான் வழி. வேறு அறை இல்லாதவர்கள் இரண்டாவதை வாங்காமல் இருப்பதே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். ஒரே அறையில் மூன்று கூண்டு நான் வைப்பதில்லை. நடுவில் இருப்பதற்கு இரண்டு பக்கமும் தடுப்பு வந்து, காற்றும் குறைந்து, உங்கள் நடமாட்டமும் கூடிவிடும்.

கடைசியாக, அமைதியான பிறகு தகட்டை எடுத்துப் பார்க்கும் தவறு. "ஆறு மாசமாச்சு, பழகியிருக்கும்" என்பார்கள். அவை பழகவில்லை, பார்க்கவே இல்லை. வீடு துடைக்க ஒருமுறை தகட்டை நகர்த்தியபோது, பச்சையாக உட்கார்ந்திருந்த வேலு நான் வாளியைக் கீழே வைப்பதற்குள் மஞ்சளாகிவிட்டான். இப்போது தகட்டின் அடியில் துணியை விட்டுத் துடைக்கிறேன், தகடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.